சர்ரே மலைகளில் ஒரு சைக்கிள் விருந்து

லண்டன் மாநகரிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், வெண்சுண்ணப் பாறையும் அடர்ந்த காடும் பசும்புல் வெளியுமாகக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்ற சர்ரே மலைப் பிரதேசத்தில், மே மாதம் பிறந்ததிலிருந்து செப்டம்பர் முடியும் வரையில், பத்துப் பன்னிரண்டு பேர் இருவர் இருவராக அணிவகுத்துச் சைக்கிளில் செல்லும் காட்சியை வேலை நாட்களில்கூடக் காணலாம். இவர்கள் பந்தயக்காரர்கள் அல்லர். விடுமுறைக்கு வந்த மாணவர்களும் அல்லர். ஏதோ ஒரு வங்கியிலோ, வக்கீல்கள் கூட்டாக நடத்தும் ஸ்தாபனத்திலோ, கட்டடக் கம்பெனியிலோ உத்தியோகம் பார்க்கிறவர்களும், அந்த ஸ்தாபனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிற வாடிக்கையாளர்களும் ஒன்றுகூடி, அறுபது எழுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, நடுவில் தேநீர் அருந்தி, முடிவில் ஒரே மேஜையில் உணவுண்டு பிரிகிற இந்த ஏற்பாடு, ஆங்கில வியாபார உலகில் அண்மைக் காலத்தில் நிலைத்துவிட்ட ஒரு சம்பிரதாயம். செலவு அழைக்கிற ஸ்தாபனத்தினுடையது. ஆகையால் இது ஒருவகை விருந்துதான். ஆனால் விருந்தாளியும் வியர்வை சிந்தியே ஆக வேண்டிய விருந்து என்பதால், இதற்கென்று தனியான முறைகளும் தனியான மரியாதைகளும் ஏற்பட்டிருக்கின்றன. அவை மனிதர் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றியவை என்பதனாலேயே எனக்கு இந்த விஷயத்தில் அபிமானம் உண்டாயிற்று.

நம் நாட்டில் சைக்கிள் என்பது உழைப்பாளியின் வாகனம். பால்காரரும் தபால்காரரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதை நம்பியே வாழ்ந்திருக்கிறார்கள். பர்மிங்ஹாம் நகரத்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு முருகப்பா குடும்பத்தார் கூட்டுச் சேர்ந்து 1949-ல் அம்பத்தூர் தொழிற்சாலைக்கு வித்திட்டதன் பயனாக வீடுதோறும் வந்து சேர்ந்த ஹெர்குலிஸ் வண்டி, சுமார் இருபது கிலோ எடையுள்ளது. பின்னால் கேரியரில் ஒரு மூட்டையோ ஓர் ஆளோ இருந்தாலும் அசராமல் போவது. சர்ரே மலைப் பாதைகளில் ஓடுகிற வண்டியோ எட்டு ஒன்பது கிலோவுக்கு மேற்படாது. கார்பன் நாரினாலோ அலுமினியத்தினாலோ ஆன சட்டமும், விரல் பருமனேயுள்ள டயரும், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட அந்த வண்டியில் கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணிகூடப் பெரும்பாலும் இல்லை. சமதரையில் மணிக்கு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் வேகம் என்பது பழகியவர்களுக்குச் சாதாரணம்.

இந்தப் பிரதேசத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் ஒரு சாண் இரண்டு சாணுமாக இருந்த பழைய காலத்து வண்டியில் ஏறிக்கொண்டே, லண்டன் வாலிபர்கள் போர்ட்ஸ்மத் சாலை வழியாக ரிப்ளி என்னும் கிராமத்துக்கு வந்து, அங்கேயுள்ள ஆங்கர் விடுதியில் இளைப்பாறித் திரும்புவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு யாத்திரையைப் போலவே நடந்து வந்தது. 1878-ல் சைக்கிள் பிரயாணிகளுக்கென்று ஒரு சங்கம் தோன்றியது. 1885-ல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக, செயினால் பின்சக்கரம் சுழலும்படி அமைந்த ரோவர் வண்டியைச் செய்தார். 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டியாக அங்கீகரித்துச் சாலையில் அதற்குள்ள பாத்தியதையை நிலைநாட்டியது. விலை மெல்ல மெல்லக் குறையக் குறைய, குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரபுக்களின் கிராமங்கள் வழியாகத் தலைநிமிர்ந்து போகத் தொடங்கினார்கள். 1896-ல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ஒரு நாவலில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவன் தன் வருஷாந்தர விடுமுறையில் இதே பாதையில் சைக்கிள் ஏறிப் புறப்படுகிறான். கடையின் கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கும்போது தன்னை ஏறெடுத்தும் பார்த்திராத வகுப்பைச் சேர்ந்தவர்களோடு சரிநிகராகப் பேசிப் பழகும் சந்தர்ப்பம் அவனுக்குச் சாலையிலே கிடைக்கிறது. கற்பனைதான், ஆயினும் அந்தக் காலத்தில் பிரத்தியட்சமாக நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு மாறுதலையே வெல்ஸ் கதையாக்கினார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வியாபார ஸ்தாபனங்கள் இதைக் கைக்கொண்டது மிகவும் பிற்பட்ட காலத்தில்தான். வாடிக்கையாளரை உபசரிப்பதற்குக் கால்ஃப் மைதானமே தகுந்த இடம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 1999-ல் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு வரிச்சலுகை பிறந்ததும், 2012-ம் வருஷத்துக் கோடையில் பிராட்லி விக்கின்ஸ் பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தை வென்ற முதல் பிரிட்டிஷ்காரராகத் திரும்பி வந்ததும், அதே கோடையில் லண்டன் ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயம் இந்த மலைகளிலேயே நடந்ததும் சேர்ந்து, அலுவலக மாடிகளில் இருந்தவர்களின் மனத்தைச் சைக்கிளின் பக்கம் திருப்பிவிட்டன. 2013 முதல் 2019 வரை லண்டனிலிருந்து புறப்பட்டுச் சர்ரே மலைகளைச் சுற்றித் திரும்புகிற நூறு மைல் சவாரி ஒன்று ஆண்டுதோறும் நடந்தது. ஆயிரக்கணக்கான சாமானியர்கள் தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டிக்கொண்டு அதில் மிதித்தார்கள்.

விருந்து என்றால் கைக்கூலி என்ற சந்தேகமும் தொடர்ந்து வரும் அல்லவா? 2010-ல் நிறைவேறி அடுத்த வருஷம் ஜூலையில் அமலுக்கு வந்த பிரிட்டிஷ் லஞ்சத் தடுப்புச் சட்டம் ஸ்தாபனங்களை இந்த விஷயத்தில் வெகு ஜாக்கிரதையாக இருக்கச் செய்திருக்கிறது. நியாயமான, அளவுக்கு உட்பட்ட உபசாரத்தைத் தடை செய்வது சட்டத்தின் நோக்கமன்று என்று அரசாங்கமே விளக்கியிருக்கிறது. ஒரு வாழைப்பழமும் ஒரு கோப்பைத் தேநீரும் மாலையில் ஒரு வேளை உணவுமாக முடிகிற சைக்கிள் நாளில் அந்த அளவை மீறுவதற்கு இடம் குறைவு என்பது அதன் ஒரு சிறப்பு.

ஆனால் இந்த நாளின் உண்மையான சிறப்பை அறிய வேண்டுமானால், காற்றைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். சமதரையில் வேகமாகச் சைக்கிள் மிதிக்கிறவனுடைய பலத்தில் பெரும்பகுதி டயரின் உராய்வுக்கோ யந்திரத்தின் தேய்மானத்துக்கோ செலவாவதில்லை. எதிரே நிற்கும் காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதை வெல்வதற்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும். முன்னே ஒருவன் செல்ல, அவனுடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் மற்றொருவன் தொடர்ந்து சென்றால், முன்னவன் கிழித்த காற்றின் இடைவெளியில் பின்னவன் சுகமாகப் போகிறான். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இவ்வாறு பின்தொடர்கிறவனுக்குப் பிரயாசையில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகிறது என்றும், எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தின் பின்னால் போகிறவனுக்கு நாற்பது சதவீதத்தை ஒட்டியே மிச்சமாகிறது என்றும் ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். சிறிது வேகம் குறைந்தாலும் லாபம் குறையுமேயன்றி மறைவதில்லை. ஆகவே தனியாகப் போனால் இருபது கிலோமீட்டரில் களைத்துவிடக்கூடிய ஒரு மனிதர், தேர்வடத்தில் கை வைத்தவரைப் போலக் கூட்டத்தோடு கூட்டமாக அறுபது கிலோமீட்டர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

முன்னே போகிறவர்மேல் விழுகிற இந்தச் சுமையை ஒருவரே தாங்கலாகாது என்பதற்காக முறைமாற்றம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். கூட்டம் இரண்டு வரிசையாகப் போகும். வெளி வரிசையின் முதல்வர் சிறிது முன்னேறி உள் வரிசையின் தலைப்புக்கு வந்துவிடுவார். வெளி வரிசையார் அனைவரும் ஓர் இடம் முன்னே நகர, உள் வரிசையார் ஓர் இடம் பின்னே நகர, உள் வரிசையின் கடைசியில் இருப்பவர் வெளி வரிசையின் கடைசிக்கு மாறிக்கொள்வார். சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை இப்படிச் சுழலும்போது, காற்றை எதிர்க்கும் முறை எல்லோருக்கும் வருகிறது. அத்துடன், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து சேர்கிறார். கால்ஃப் மைதானத்தில் நான்கு பேர் நான்கு மணி நேரம் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள். விருந்து மேஜையிலோ யார் பக்கத்தில் யார் என்பதை முன்கூட்டியே ஒரு காரியதரிசி தீர்மானித்து அட்டை எழுதி வைத்துவிடுகிறார். இங்கே சக்கரத்தின் சுழற்சியே அதைத் தீர்மானிக்கிறது. கம்பெனியின் தலைவரும் சென்ற மாதம் சேர்ந்த இளம் கணக்கரும் தோளோடு தோளாகப் பத்து நிமிஷம் போகிறார்கள். இருவருடைய கண்களும் சாலையின்மேல் இருப்பதாலும், மூச்சுக்கு நடுவே பேச வேண்டியிருப்பதாலும், சம்பாஷணையில் அலங்காரத்துக்கு இடமில்லை. பிள்ளையின் படிப்பு, தாயாரின் உடல்நிலை, விட்டுவந்த ஊர் என்பன போன்ற விஷயங்கள்தாம் சகஜமாக வாயில் வருகின்றன. வியாபாரத்தைப் பற்றி அன்றைய தினம் ஒரு வார்த்தையும் பேசாதவர்களுக்கே அதன் பலன் பிற்பாடு மிகுதியாகக் கிடைக்கிறது என்று இதில் பழகினவர்கள் சொல்கிறார்கள். அதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

ஒரு முழ தூரத்தில் தொடர்வது சுகம்தான்; அபாயமும் அதிலேதான் இருக்கிறது. முன்னவருடைய பின்சக்கரமும் பின்னவருடைய முன்சக்கரமும் பக்கவாட்டில் உரசினால், முன்னவருக்கு ஒன்றும் நேராது. பின்னவர் விழுந்துவிடுவார், அவரோடு அவருக்குப் பின்னால் வருகிறவர்களும் விழுவார்கள். எனவே ஒருவர் சக்கரத்தின்மேல் ஒருவர் சக்கரம் பக்கவாட்டில் ஏறி நிற்கலாகாது, திடீரென்று பிரேக் பிடிக்கலாகாது, நெளிந்து போகலாகாது. முன்னால் போகிறவருக்குத்தான் சாலை தெரியும். பின்னால் வருகிறவருக்கு ஒரு முதுகு மாத்திரமே தெரியும். ஆகையால் பள்ளத்தைக் கண்டால் விரலால் சுட்டுவதும், நிறுத்தி வைத்த காரைக் கண்டால் முதுகுக்குப் பின்னே கையை வீசி விலகச் சொல்வதும், எதிரே கார் வந்தால் உரக்கக் குரல் கொடுத்து அந்தச் செய்தியை வரிசையின் மறு கோடி வரையில் கடத்துவதும் முன்னவருடைய கடமை; பின்னால் கார் வந்தால் அவ்வாறே குரல் கொடுப்பது வரிசையின் கடைசியில் வருகிறவருடைய கடமை. ஒரே கூப்பாட்டையே சில சங்கத்தார் எதிரே வரும் வண்டிக்கும் வேறு சிலர் பின்னால் வரும் வண்டிக்கும் வழங்குவதுண்டு; புறப்படுவதற்கு முன்பே அதை ஒழுங்குபடுத்தி ஒப்புக்கொள்ளாத தலைவர் தம் கடமையில் தவறியவரே ஆவார். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் சாலை விதிகள், இருவர் இருவராகச் செல்லலாம் என்றும், பெருங்கூட்டத்திலும் பழக்கமில்லாதவர்களோடு போகும்போதும் அதுவே பத்திரமாக இருக்கக்கூடும் என்றும் சொல்லி, கடந்து செல்கிற மோட்டார் வண்டிக்காரர் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்றும் விதிக்கின்றன. அதே விதிகள், பின்னால் வரும் வண்டி கடந்து செல்வதற்கு வழி விடும்படியும் சைக்கிள்காரர்களைக் கேட்டுக்கொள்கின்றன.

மலையில் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. டார்க்கிங் என்னும் சிற்றூருக்கு அருகில் மோல் நதியின் கரையிலிருந்து எழுகிற பாக்ஸ் ஹில், 224 மீட்டர் உயரமே உடையது. நமது நீலகிரியையும் பழனி மலையையும் கண்டவர்கள் அதை மலை என்று ஒப்புக்கொள்ளவும் தயங்குவார்கள். ஆனால் வளைந்து வளைந்து சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தூரம் ஏறிக்கொண்டே இருக்கிற அதன் பாதை, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் வீதம் உயர்ந்து, பழக்கமில்லாதவருடைய தொடைகளுக்குத் தக்க பரீட்சை வைத்துவிடும். 2012 ஜூலை 28-ந் தேதி ஆண்களின் ஒலிம்பிக் பந்தயத்தில் வீரர்கள் இந்த ஏற்றத்தை ஒன்பது தடவை ஏறினார்கள். கஜகஸ்தான் வீரர் வினோகுரோவ் தங்கம் பெற்றார். மறுநாள் பெண்கள் இரண்டு தடவை ஏற, ஹாலந்து நாட்டு மரியான் வோஸ் வென்றார். சர்ரேயின் மிக உயர்ந்த இடமான லீத் ஹில் இதற்குத் தெற்கே இருக்கிறது. 294 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் 1765-ல் கட்டிய கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் பாதை இதைவிடச் செங்குத்தானது.

ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடுவதால் காற்றின் எதிர்ப்பும் அற்பமாகிவிடுகிறது. எதிரி இப்போது பூமியின் ஈர்ப்பு. அதற்கு முன்னே யாரும் யாருக்கும் நிழல் கொடுக்க முடியாது. எண்பது கிலோ எடையை ஏற்றிச் செல்ல வேண்டியவர் அறுபது கிலோ எடையுள்ளவரைவிட அதிகமாகப் பாடுபட்டே தீர வேண்டும். சமதரையில் ஒரே உடலாக வந்த கூட்டம் இங்கே கலைந்து, பழகியவர் எட்டு நிமிஷத்தில் மேலே போய் நிற்க, பழகாதவர் கால்மணி நேரம் கழித்து முகம் சிவக்க வந்து சேர்கிறார். முதலில் ஏறுகிறவர் யார்? உத்தியோக வரிசையில் கடைசியில் நிற்கும் ஓர் இளம்பெண்ணாக இருக்கலாம். கடைசியில் வருகிறவர் பல கோடிப் பவுன் காரியங்களைத் தீர்மானிக்கிற வாடிக்கையாளராக இருக்கலாம். அலுவலகத்தில் எத்தனை விளக்கம் கூறினாலும் கற்பிக்க முடியாத சமத்துவத்தை இரண்டரைக் கிலோமீட்டர் ஏற்றம் கற்பித்துவிடுகிறது என்று முதலில் எண்ணத் தோன்றும். அது பாதி உண்மைதான். பலத்தினால் ஏற்படுகிற புதிய உயர்வு தாழ்வு, பதவியினால் ஏற்பட்ட பழைய உயர்வு தாழ்வைவிட இரக்கமில்லாததாக மாறிவிடக்கூடும்; பின்தங்கியவரைக் காத்திராமல் போய்விடுகிற கூட்டங்களும் உண்டு. வழி தெரியாத ஒரு விருந்தாளியைக் காட்டுச் சாலையில் தனியே விட்டுவிட்டு முன்னே பறந்துபோன கூட்டம், அவரை அவமதித்ததாகவே நான் கருதுவேன்.

இதே பாக்ஸ் ஹில்லின்மேல் நடந்ததாக வேறொரு உல்லாசப் பயணத்தை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். 1815-ம் வருஷக் கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ என்ற நாவலில், செல்வமும் அழகும் உள்ள கதாநாயகி, கூட்டத்தினர் எல்லோரும் கேட்க, வறுமையில் வாடும் மிஸ் பேட்ஸ் என்னும் முதிர்கன்னியைப் பரிகாசம் செய்துவிடுகிறாள். அந்த ஒரு வார்த்தையால் அன்றைய பொழுதே கெட்டுப்போகிறது. நைட்லி என்ற நண்பர் அவளைத் தனியே கண்டித்த பிறகு அவள் வெட்கத்தால் குன்றி அழுகிறாள். கூட்டத்தில் எல்லோரினும் எளிய நிலையிலிருந்தவரைப் புண்படுத்தியதற்காக ஒரு முழு நாளும் பாழாயிற்று என்பதே ஆஸ்டின் அங்கே செய்த தீர்ப்பு. இருநூறு வருஷங்களுக்குப் பிறகு அதே மலைக்கு விருந்தாளிகளை அழைத்துச் செல்கிறவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

நல்ல முறையில் நடக்கும் சைக்கிள் நாளில் பின்தங்குகிறவருக்கு வேண்டிய ஏற்பாடுகளே பிரதானமாக இருக்கின்றன. வேகம் மிகவும் மெதுவாக மிதிக்கிறவரை அனுசரித்துத் தீர்மானிக்கப்படுகிறது; முப்பது பேர் வந்திருந்தால் அவரவர் சக்திக்கு ஏற்ப மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் ஏற்றத்தின் உச்சியிலும் எல்லோரும் வந்து சேரும் வரை காத்திருப்பதோடு, கடைசியாக வந்தவர் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, சிறிது இளைப்பாறிய பிறகே புறப்படுகிறார்கள். முன்னதாக வந்தவர்கள் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு, அவர் வந்த நிமிஷமே கிளம்புவது மரியாதையன்று. பஞ்சர் ஆனால் ஒருவரும் முன்னே போவதில்லை. மாற்று டியூபும், டயர் கழற்றும் நெம்புகோலும், காற்றடிக்கும் பம்பும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கைதேர்ந்தவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்.

முதல் தடவையாக இப்படிப்பட்ட அழைப்பைப் பெறுகிறவர் கவனிக்க வேண்டியவை மிகச் சிலவே. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளும்படி சீட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம். பசி எடுப்பதற்கு முன்பே உண்ண வேண்டும். மணிக்கு முப்பது முதல் அறுபது கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படுகிறது. ஒரு வாழைப்பழத்தில் இருபத்தைந்து கிராம் அளவுக்கு இருக்கும். காலைப் பெடலோடு பூட்டிக்கொள்கிற விசேஷ ஜோடுகளை அன்றைக்கே புதிதாக அணிந்து பார்ப்பது விஷப்பரீட்சை; நிறுத்தும்போது கால் கழலாமல், நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுகிறவர்கள் அநேகர். மது அருந்துவதானால் வண்டியை ஒப்படைத்த பிறகுதான். குடிமயக்கத்தில் சைக்கிள் விடுவது அந்நாட்டில் குற்றம்.

எவ்வளவு சொன்னாலும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. நல்ல வண்டிக்கு ஆயிரக்கணக்கான பவுன் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பயிற்சி செய்வதற்கு ஓய்வு வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், முழங்கால் தேய்ந்த முதியவருக்கும், சைக்கிளே ஏறியறியாதவருக்கும் இந்த விருந்தில் இலை இல்லை. கால்ஃப் மைதானத்தின் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை மறுபடியும் ஒரு சாலையோரத்தில் நிறுத்துவதாக இது முடிந்துவிடக் கூடாது. வாடகைக்கு நல்ல வண்டிகள் கிடைக்கின்றன. மின்மோட்டார் துணை செய்கிற சைக்கிள்களும் வந்துவிட்டன. மோட்டார் துணையோடு ஏறுகிறவரை இளப்பமாகப் பார்க்கும் வழக்கம் சில கூட்டங்களில் இருப்பது வருந்தத்தக்கது. ஏற விருப்பமில்லாதவர்களைத் தேநீர் விடுதிக்கும் மாலை உணவுக்கும் காரில் அழைத்து வந்தால் என்ன நஷ்டம்?

நம் நகரங்களிலும் கம்பெனிகள் இத்தகைய நாட்களை நடத்துகிற காலம் இது. அவற்றை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கூட்டத்தில் மிகுந்த பலசாலி யாரோ, சாலையை நன்கறிந்தவர் யாரோ, அவரை முன்னே நிறுத்தாதீர்கள். எல்லோருக்கும் கடைசியில் வருகிறவரின் பக்கத்தில், மாலை வரையில் அவரோடு கூடவே வரும்படி நிறுத்துங்கள்.